டர்பனில் வாங்கிய சப்பாத்திக் கல்: ஒரு ஃபிட்டரின் கணக்கு

முதலில் விவரம். வார்ப்பிரும்பு, தட்டையான அடி, 28 சென்டிமீட்டர் அகலம், நடுவில் 6 மில்லிமீட்டர் கனம், கைப்பிடியோடு எடை கிட்டத்தட்ட 3 கிலோ. விலை 420 ராண்ட். கல்லில் கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. அட்டைப்பெட்டியில் 'இந்தியாவில் தயாரானது' என்று மட்டும் அச்சடித்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிரே தெருப் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் வாங்கினேன். பலகையில் டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று மாற்றி வெகுநாள் ஆகியும் டர்பனில் யாரைக் கேட்டாலும் அது கிரே தெருதான். வாங்கி ஒரு கோடையும் ஒரு குளிரும் பார்த்தாகிவிட்டது. நல்ல கல். ஆனால் எல்லோருக்குமான கல் இல்லை. உங்கள் வீட்டில் எந்த மாவு, எந்த அடுப்பு என்பதைப் பொறுத்துத்தான் இந்த 420 ராண்ட் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்.

நான் சமையல்காரன் இல்லை. தூத்துக்குடியில் தொழில் பழகி, இங்கே துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறேன். தூத்துக்குடிக்காரனுக்குச் சப்பாத்தி என்பது காய்ச்சல் வந்தால் சாப்பிடுவது. மற்ற நாளில் பரோட்டாதான். வீட்டில் மனைவிக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகு இரவுச் சாப்பாடு கோதுமைக்கு மாறியது. பகல் ஷிஃப்ட் முடிந்து முதலில் வீட்டுக்கு வருகிறவன் நான் என்பதால் மாவு பிசைவது என் வேலை ஆயிற்று.

கடையில் இதே அளவில் ஐந்து கல் அடுக்கி வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். அதன் விளிம்பைக் கல்லின் குறுக்கே நிறுத்தி, பின்னாலிருந்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். இடுக்கு வழியாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பள்ளம். ஐந்தில் இரண்டுக்கு நடுவில் நன்றாகவே பள்ளம் இருந்தது. ஒன்றில் விளிம்பு ஓரம் வார்ப்பு மணல் ஒட்டிய சொரசொரப்பு. தேய்த்தால் போய்விடும் என்றாலும் காசு கொடுத்து வாங்கி நான் ஏன் தேய்க்க வேண்டும்? மீதி இரண்டையும் ஒரு கையில் தொங்கவிட்டு விரலால் சுண்டிப் பார்த்தேன். நீண்டு ஒலித்ததை எடுத்துக்கொண்டேன். 'டொக்' என்று சட்டென அடங்கினால் எங்கேயோ மயிரிழை விரிசல் இருக்கலாம், அடுப்பில் ஏறி இறங்கும்போது ஒருநாள் பிளந்துவிடும்.

கடைக்காரர் குஜராத்திப் பெரியவர். நான் செய்ததை எல்லாம் கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்" என்றார் ஆங்கிலத்தில். ஆனாலும் தடுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, கடைசியில் 20 ராண்ட் குறைத்தும் கொடுத்தார். நான் மேலே சொன்ன 420 அந்தக் குறைத்த விலை. பளபளப்பான மால் கடைகளில் இப்படிப் பெட்டியைப் பிரித்துச் சோதிக்க விடமாட்டார்கள். கடைக்கு ஐந்துக்கு ஐந்து.

பெட்டியில் 'பழக்கிய கல்', அதாவது எண்ணெய் பூசிக் காய்ச்சிப் பதப்படுத்திய கல், என்று போட்டிருந்ததை மட்டும் நம்ப வேண்டாம். அது கடல் பயணத்தில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய பூச்சு, அவ்வளவுதான். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்தி, சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டு, பூசியதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெல்லியதாகப் பூசி, புகை வந்து அடங்கும்வரை காய வைக்க வேண்டும். ஆறவிட்டு மறுபடி அதே வேலை. எண்ணெய் அந்தச் சூட்டில் இறுகி இரும்போடு ஒரு படலமாகப் பிடித்துக்கொள்ளும். நிறையப் பூசினால் படலம் ஆகாது, பிசின் ஆகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாவுக்கு வருகிறேன், ஏனென்றால் கல்லின் அருமை தெரிவது அங்கேதான்.

இந்த நாட்டுக் கடைகளில் கோதுமை மாவு நாலைந்து பெயரில் கிடைக்கும். கேக் மாவு என்பது கேக்குக்கு மட்டுமான மாவு அல்ல; நம் மைதாவுக்கு ரொம்பப் பக்கம். 2019 ஏப்ரலிலிருந்து அதற்கு வாட் வரியும் இல்லை, ஆகவே மலிவு. பிரவுன் பிரெட் மாவு என்பதைப் பார்த்துவிட்டு முழுக்கோதுமை என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது தவிட்டில் ஒரு பங்கை மட்டும் விட்டுவைத்த மாவு. முழுக்கோதுமை மாவு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. ஆனால் அது உருளை ஆலையில் அரைபடுவது: தவிடு, முளை, வெள்ளை மாவு மூன்றையும் பிரித்து, அப்புறம் ஒன்றாகக் கலப்பார்கள். கலந்த தவிடு ஓட்ஸ் செதில் மாதிரி பெரிது பெரிதாகக் கண்ணுக்குத் தெரியும். 2003 அக்டோபரிலிருந்து இங்கே ரொட்டி மாவிலும் மக்காச்சோள மாவிலும் இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின்கள் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது நல்லதுதான், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக மசாலாக் கடைகளில் கிடைக்கும் ஆட்டா. இது கல் இயந்திரத்தில் அரைத்தது. கல்லில் அரைபடும்போது மாவுச்சத்தின் மணிகள் நசுங்கி உடைகின்றன. உடைந்த மணி அதிகத் தண்ணீரைக் குடிக்கும். ஆட்டாவில் பிசைந்த மாவு மெத்தென்று இருப்பதற்கும், சப்பாத்தி ஆறிய பிறகும் மடிவதற்கும் அதுதான் காரணம். விலை உள்ளூர் மாவைவிட அதிகம், எல்லாப் பேட்டையிலும் கிடைக்கவும் கிடைக்காது. மாசக் கடைசியில் எங்கள் வீட்டில் உள்ளூர் முழுக்கோதுமைதான்.

அந்த உள்ளூர் மாவில் என்ன சிக்கல் என்றால், தவிட்டுச் செதில் தண்ணீரை உடனே குடிக்காது. பிசையும்போது சரியாக இருப்பதுபோலத் தெரியும். தட்டில் போட்டு ஆறியதும் அந்தத் தவிடு பக்கத்திலிருக்கும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு சப்பாத்தியை அட்டை ஆக்கிவிடும். போதாக்குறைக்குச் செதிலின் கூரான ஓரம் மாவின் இழுவையையும் அறுத்துவிடும். தேய்க்கும்போது ஓரம் கிழியும், உப்பும்போது நடுவில் பொத்துக்கொண்டு ஆவி போய்விடும். ஆக, தண்ணீர் தாராளமாக விட வேண்டும், ஊறப் பொழுது கொடுக்க வேண்டும்.

நான் செய்வது இது. கால் கிலோ மாவு, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு, 180 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். மாவு பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஒரு கை தண்ணீர் கூடலாம் குறையலாம். மாவு முழுவதும் நனைகிற மாதிரி விரலால் கிளறிவிட்டு, பிசையாமல், ஈரத் துணி மூடி அரை மணி நேரம் விட்டுவிடுவேன். அப்போது பார்த்தால் சேறுபோல ஒட்டும். அரை மணி கழித்துக் கையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பிசைந்தால் ஒட்டு விட்டுவிடும். பாதி வேலையைத் தண்ணீரே செய்து முடித்திருக்கும். மறுபடி கால் மணி நேரம் மூடி வைத்து, எட்டு உருண்டை. ஒன்றை ஒரு சாண் அகலத்துக்குத் தேய்த்தால் போதும். ஓரமும் நடுவும் ஒரே கனமாக இருக்க வேண்டும், வட்டமாக இருப்பது இரண்டாம் பட்சம். எங்கள் வீட்டில் அது ஆப்பிரிக்கா வரைபடமாகத்தான் வரும், சாப்பிடுகிறவர்கள் புகார் சொன்னதில்லை.

இப்படித் தண்ணீர் அதிகமான மாவை மெல்லிய அலுமினியத் தவாவில் போட்டால் என்ன ஆகும்? தவா சீக்கிரம் சூடாகும், ஈரமான மாவு விழுந்ததும் அதே வேகத்தில் சூடு இறங்கிவிடும். சப்பாத்தி வேகாமல் உலர ஆரம்பிக்கும். உலர்ந்த மேல்தோலுக்கு நீட்சி கிடையாது, நீட்சி இல்லாவிட்டால் உப்பாது. அலுமினியம் இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அது உண்மை. ஆனால் மெல்லிய தகட்டில் சேமித்து வைக்க இடமில்லை. இந்தக் கல்லில் மூன்று கிலோ இரும்பு சூட்டைத் தேக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. ஈரச் சப்பாத்தி விழுந்தாலும் அசைவதில்லை. மாவுக்குள் இருக்கும் தண்ணீர் சட்டென்று ஆவியாகிறது, மேலே கீழே இரண்டு தோலும் பிரிகின்றன, உப்புகிறது. முன்பு உள்ளூர் மாவில் மூன்றில் ஒன்று உப்பினால் அதிசயம். இந்தக் கல்லில் பெரும்பாலும் எல்லாமே உப்புகிறது, உப்பாதது தேய்த்ததில் கோளாறாக இருக்கும்.

அந்த அரை நிமிடத்தைக் கிட்டே நின்று பார்த்தால் தெரியும். போட்டு இருபது விநாடிக்குள் மேல்பக்கம் நிறம் சற்றுக் கறுக்கும், கடுகளவு கொப்புளங்கள் நாலைந்து கிளம்பும். அப்போதே திருப்ப வேண்டும். கீழே புள்ளி விழட்டும் என்று காத்திருந்தால் தோல் காய்ந்துவிடும். இரண்டாம் பக்கம்தான் நன்றாக வேக வேண்டும், அங்கே பழுப்புப் புள்ளிகள் வரலாம். மறுபடி திருப்பி, மடித்த பருத்தித் துணியால் ஓரத்தை மட்டும் மெல்ல ஒத்தினால், ஒரு மூலையில் கிளம்பிய குமிழ் ஊர்ந்துபோய் அடுத்த குமிழோடு சேரும், அப்புறம் மொத்தமும் எழும். நடுவில் அழுத்தாதீர்கள், ஆவி சுடும். கேஸ் அடுப்பு என்றால் இடுக்கியில் எடுத்து நேராகத் தீயில் காட்டலாம், ஆனால் இந்தக் கல்லில் அதற்குத் தேவையே வருவதில்லை.

கல் போதுமான சூட்டுக்கு வந்ததா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தூவுங்கள். மெல்லச் சிவந்தால் சரி. விழுந்ததும் கருகினால் தீயைக் குறைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். தேய்க்கும்போது ஒட்டிய மாவு கல்லில் உதிர்ந்து கருகும், இரண்டு மூன்று சப்பாத்திக்கு ஒருமுறை காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் கடைசிச் சப்பாத்திகள் கசக்கும்.

அடுப்பு விஷயம். இந்நாட்டில் பல வீடுகளில் மின்சாரத் தட்டு அடுப்புதான். எங்களிடம் அதுவும் இருக்கிறது, மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் வாங்கிய இரண்டு பர்னர் கேஸ் அடுப்பும் இருக்கிறது. ஊரிலிருந்து சிலர் கொண்டுவரும் குழிந்த சப்பாத்திக் கல் மின்தட்டில் நடுவில் மட்டும்தான் தொடும், வேலைக்கு ஆகாது. இந்தக் கல்லின் அடி தட்டை என்பதால் முழுவதும் உட்காரும். ஆனால் சூடாகப் பத்து நிமிடம் ஆகிறது, சூடு அதிகமாகிப் போனால் இறங்கவும் அவ்வளவு நேரம். கேஸில் நடுத்தர தீயில் ஏழெட்டு நிமிடம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நடுவில் மட்டும் காய்ந்து ஓரம் பச்சையாக நிற்கும், ஏனென்றால் வார்ப்பிரும்பில் சூடு பரவுவது மந்தம். இரண்டே சப்பாத்தி போடுகிற தனியாளுக்கு இது வீண் செலவு. கல் காய்வதற்குள் பசி அடங்கிவிடும். ஒன்பது கிலோ சிலிண்டர் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

குறைகளில் பெரியது கைப்பிடி. கல்லோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள், நாலு விரல் நீளம்தான், கல் சுடுகிற அளவுக்கு அதுவும் சுடும். மூன்று கிலோவை அந்தக் குட்டைப் பிடியில் தூக்க மணிக்கட்டு பலம் வேண்டும். வீட்டில் அவள் இதைத் தொடுவதில்லை, அவளுக்கு மணிக்கட்டில் வலி. எதிர்ப்பக்கம் ஒரு காது வைத்திருந்தால் இரண்டு கையால் தூக்கலாம்; வார்ப்பு அச்சில் அது ஒரு பெரிய காரியமே இல்லை. ஏன் வைக்கவில்லை என்று புரியவில்லை.

அடுத்தது துரு. இது கல்லின் குற்றம் இல்லை, டர்பனின் குற்றம். ஜனவரி பிப்ரவரியில் கடல் காற்று உப்போடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். கழுவி அப்படியே கவிழ்த்து வைத்தால் காலையில் ஆரஞ்சு நிறம் பூத்திருக்கும். பட்டறையில் இரும்போடு தினமும் இதே மல்லுக்கட்டுதான், வீட்டிலுமா என்று ஒரு சலிப்பு. சப்பாத்தி போட்ட கல்லைக் கழுவவே வேண்டாம்: ஆறியதும் துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். சூடான கல்லில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவே கூடாது, விரிசல் விடும்.

பக்கத்து வீட்டு அக்காவின் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்தில், எங்கள் தெருவில் ரொட்டிக்கு அவர்தான் நீதிபதி. இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம். பேச்சு ஆங்கிலம், அதற்குள் 'தம்பி', 'சோறு', 'கறி' என்று தமிழ் வந்து வந்து போகும். டர்பன் ரொட்டி வேறு ஜாதி: கேக் மாவில் வெண்ணெய் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பிசைவார்கள். கொதிநீரில் மாவு பாதி வெந்துவிடுவதால் ரொட்டி துணி மாதிரி மடியும், ஆட்டுக்கறியை உள்ளே வைத்துச் சுருட்டினால் கிழியாது. அவருக்கு என் பிரவுன் சப்பாத்தி மேல் பெரிய மரியாதை கிடையாது.

"இது டாக்டர் சொன்னால் சாப்பிடுவது, தம்பி" என்றார். அப்புறம் கல்லைத் தூக்கிப் பார்த்தார். "கல் நல்ல கல். ரொட்டி எல்லாம் கல்கத்தாக் கப்பலில் வந்தவர்கள் சமாச்சாரம், நாங்கள் மதராஸ் கப்பல், எங்களுக்குச் சோறுதான் என்று எங்க ஆயா சொல்லும். சொல்லிக்கொண்டே நாலு ரொட்டி சாப்பிடும்."

கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து பத்து நாளில் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் வந்து சேர்ந்தது. அந்தப் பத்து நாள் வித்தியாசத்தை வைத்து இன்னும் சண்டை போடுகிறார்கள் என்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அக்கா அன்றே தன் கேக் மாவு உருண்டைகளைக் கொண்டுவந்து இந்தக் கல்லில் போட்டுப் பார்த்தார். அவர் வீட்டுத் தவாவைவிட இதில் புள்ளி ஒரே சீராக விழுகிறது என்று ஒப்புக்கொண்டார், ஆனால் சூட்டைக் குறைக்கச் சொன்னார். வெண்ணெய் சேர்ந்த மாவு சீக்கிரம் சிவக்கும், அது நியாயம்தான். அவர் கொண்டுவந்த சுகர் பீன்ஸ் என்கிற இங்கத்துக் காய்ந்த பீன்ஸ் குழம்புக்கு என் தவிட்டுச் சப்பாத்தி நன்றாகப் பொருந்தியது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நான் சொல்கிறேன்.

தோசைக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். கூடாது. சப்பாத்தி போடும் கல் காய்ந்த மாவும் அதிகச் சூடும் பட்டுப் பட்டு எண்ணெய்ப் படலத்தை இழந்துகொண்டே இருக்கும், அதில் தோசை வார்த்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். தோசைக்குத் தனிக் கல் வேண்டும், நம் ஊரில் பாட்டிமார் இரண்டையும் தொடவிடாமல் வைத்திருந்தது வீம்புக்கு அல்ல.

மாவைப் பற்றி இன்னொன்று விட்டுப்போயிற்று. முழுக்கோதுமை மாவில் முளையின் எண்ணெய் இருக்கும், டர்பன் வெக்கையில் அது சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், வண்டும் வரும். பெரிய பை மலிவு என்று வாங்கினால் பாதியை ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். பிசையும் முன் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் போதும்.

ஜோகன்னஸ்பர்க் நண்பர்கள் ஃபோர்ட்ஸ்பர்க்கில் பாத்திரக் கடைகளில் தேடிப் பாருங்கள், அங்கே உலர்ந்த காற்று என்பதால் துருத் தொல்லை எனக்கு இருக்கிற அளவு இருக்காது. ஆனால் எங்கே வாங்கினாலும் நேரில் போய் வாங்குங்கள். வார்ப்பிரும்பு வளையாது, கூரியர் வண்டியில் ஒருமுறை கீழே விழுந்தால் கைப்பிடி அப்படியே முறிந்துவிடும், அதை வெல்டிங் செய்து ஒட்டுவது என்னைப் போன்றவனுக்கே தலைவலி. போகும்போது பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், அதுவே வளைந்திருக்கும்.